ஐயாயிரத்துக்குள் பெட்ரூம்: கொழிஞ்சாம்பாறை ஸ்கிரீன் கடை எப்படி?

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். தையல் அருமை, துணி பரவாயில்லை, சொன்ன தேதியில் கிடைக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் செங்குத்தான படி ஏறிப் போகிற ஒரு மாடிக் கடை அது. பலகை கிடையாது. ஸ்கிரீன் தைக்கிற இடம் எது என்று தமிழில் கேட்டாலும் சரி, மலையாளத்தில் கேட்டாலும் சரி, கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். ஆள் பெயர் போடவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப்போகிறேன், சின்னக் கடை, அண்ணன் பிழைப்பைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை.

விஷயம் பெட்ரூம். சித்தூர் தாலுக்கா பக்கம் இருபது முப்பது வருஷத்துக்கு முன்னால் கட்டின வீடுகளில் பெட்ரூம் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பத்துக்குப் பன்னிரண்டு அறை, சிவப்பு ஆக்சைடு தரை அல்லது அதன்மேல் பிற்பாடு ஒட்டின டைல்ஸ், கம்பி போட்ட மூன்று கதவு ஜன்னல், ஒரு இரும்பு பீரோ, பரண் நிறைய அட்டைப்பெட்டி, ஜன்னலில் ஸ்பிரிங் கம்பியில் கோத்து பாதியை மட்டும் மறைக்கிற ஒரு பூப்போட்ட துணி. கூட்டித் துடைத்துச் சுத்தமாகத்தான் வைத்திருப்போம், ஆனாலும் உள்ளே நுழைந்தால் அறையில் ஒரு களை இருக்காது. இதைச் சரிசெய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நேராகச் சுவருக்குப் போகிறார்கள், செங்கல் மாதிரி ஒட்டுகிற ஃபோம் ஷீட், மரம் பறவை ஸ்டிக்கர், மினுக்கு விளக்குச் சரம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அந்தச் செங்கல் ஷீட்டை ஒட்டினார்கள், ஜூன் மழையில் சுவர் ஓதம் ஏறியதும் ஓரம் ஓரமாக எழும்பி, இழுத்தபோது பெயிண்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்தது, இப்போது சுவருக்குப் பட்டி பார்க்க ஆள் தேடிக்கொண்டு இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் கையில் இருக்கிற காசில் பெரும்பங்கை ஜன்னல் துணிக்கும் அதைத் தைக்கிறவருக்கும் கொடுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கட்டிலை விட்டால் கண்ணில் படுகிற பெரிய பரப்பு அதுதான், அதை மேலே இருந்து தரை வரைக்கும் ஒழுங்காகத் தொங்கவிட்டாலே மிச்சம் இருக்கிற பழைய சாமான்களெல்லாம் கொஞ்சம் அடங்கிப் போகும். எங்கள் அத்தை மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "உறங்கற ரூமை யாரு வந்து பாக்கப் போறாங்க" என்பது அவர் கட்சி. நாம்தான் பார்க்கப் போகிறோம் அத்தை, தினமும்.

ரெடிமேட் வாங்கக்கூடாதா என்று கேட்பீர்கள். அளவு ஒத்துவந்தால் வாங்கலாம். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் நாலடி அகலம், நீளத்தில் ஐந்தடி, ஏழடி, ஒன்பதடி. ஐந்தடி ஜன்னலுக்கு, ஏழடி கதவுக்கு என்று வைத்திருக்கிறார்கள். ஐந்தடித் துணி ஜன்னலின் கீழ்க்கட்டைக்குக் கொஞ்சம் கீழே வந்து அந்தரத்தில் நின்றுவிடும். ஏழடியைக் கொஞ்சம் உயர்த்தி மாட்டினால் தரைக்கு எட்டாது, ஒன்பதடி தரையில் புரளும், எப்படியும் வெட்டித் தைக்க ஒரு தையற்காரரிடம் போய்த்தான் ஆகவேண்டும். அப்புறம் அகலம். நாலடி ஜன்னலுக்கு நாலடித் துணி ஒன்றைப் போட்டு இழுத்து மூடினால் மடிப்பே இல்லாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். எவ்வளவு நல்ல துணியானாலும் பார்க்க மலிவாகத் தெரிவதற்குக் காரணம் இந்த மடிப்புப் பஞ்சம்தான்.

அண்ணனிடம் போய் ஜன்னல் ஐந்துக்கு நாலரை என்று அளவு சொன்னதும் அவர் கேட்டது: "அம்மிணி, ஜன்னலுக்குத் தைக்கோணுமா, செவுத்துக்குத் தைக்கோணுமா?"

நான் முழித்ததைப் பார்த்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். ராடை ஜன்னல் கட்டையை ஒட்டி அடிக்காமல் நன்றாக மேலே, தரையில் இருந்து எட்டடி உயரத்தில் அடிப்பது. பக்கத்துக்கு அரையடியாவது ஜன்னலைத் தாண்டி நீட்டுவது. அப்படிச் செய்தால் ஸ்கிரீனைத் திறக்கும்போது துணி சுவரின் மேல் போய் ஒதுங்கும், ஜன்னல் வெளிச்சத்தை அடைக்காது, மூடினால் ஜன்னல் நிஜத்தில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். கீழே தரைக்கு அரை அங்குலம் மேலே நிற்கணும். சில படங்களில் துணி தரையில் குவிந்து கிடக்கிற மாதிரி காட்டுகிறார்கள், தினமும் தண்ணீர் விட்டுத் துடைக்கிற நம் ஊர்த் தரைக்கு அது சரிப்படாது, ஒரே வாரத்தில் ஓரம் கறுத்துவிடும் என்றார். நியாயம்தான்.

துணிக் கணக்கு தெரிந்துகொண்டு போவது நல்லது, எந்தக் கடையில் தைத்தாலும் உதவும். ராடின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு துணி வேண்டும், காசு இருந்தால் இரண்டரை. ஸ்கிரீன் துணி பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில்தான் வருகிறது. என் பெரிய ஜன்னலுக்கு ஆறடி ராடு, அதாவது 72 அங்குலம், இரண்டு மடங்கு 144, அதை 54 ஆல் வகுத்தால் இரண்டரையைத் தாண்டும், ஆக மூன்று அகலம். நீளம் எட்டடி, மேல்மடிப்பு கீழ்மடிப்புக்கு ஓரடி சேர்த்தால் ஒன்பதடி, சுமார் இரண்டே முக்கால் மீட்டர். மூன்று அகலத்துக்கு எட்டேகால் மீட்டர். சின்ன ஜன்னலுக்கு நாலடி ராடு, இரண்டு அகலம், ஐந்தரை மீட்டர். 14 மீட்டராக எடுத்துக்கொண்டேன், மீட்டர் 190 ரூபாய், துணிக்கு 2,660. தையல் கூலி அகலத்துக்கு 110 வீதம் 550. ரிங் ஒன்று 8 ரூபாய், நாற்பது ரிங்குக்கு 320. ஸ்டீல் ராடும் பிராக்கெட்டும் சேர்ந்து 800, மாட்டிக்கொடுக்க 300. மொத்தம் 4,630. இதே அளவுக்கு டவுனில் ஒரு பெரிய ஃபர்னிஷிங் ஷோரூமில் விசாரித்தபோது துணிக்கு மட்டுமே இதைவிட அதிகமாகச் சொன்னார்கள், தையலுக்கு தனி.

தையலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாகணும், இந்த ரிவ்யூ எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். மூன்று அகலத்தை இரண்டு ஸ்கிரீனாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒன்றரை அகலம், நடுவில் ஒரு மூட்டு வரும். அந்த அரை அகலத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பது பல இடங்களில் தையற்காரர் இஷ்டம். இவர் சுவர்ப் பக்கம் வைத்து, மூட்டு ஒரு மடிப்பின் உள்வளைவில் விழுகிற மாதிரி ரிங்கைக் குத்தியிருந்தார், தேடினால்தான் தெரிகிறது. ரிங் எண்ணிக்கை இரட்டைப்படையில்தான் வைப்பார். ஒற்றைப்படையாகிவிட்டால் ஒரு ஓரம் சுவரைப் பார்த்துத் திரும்பும், இன்னொரு ஓரம் அறையைப் பார்த்துத் துருத்திக்கொண்டு நிற்கும். உங்கள் வீட்டு ஸ்கிரீனில் ஒரு ஓரம் அடங்காமல் நின்றால் போய் ரிங்கை எண்ணிப் பாருங்கள்.

கீழ்மடிப்பு முழுசாக நாலு அங்குலம், இரட்டை மடிப்பு. ரெடிமேடில் இதை ஒரு அங்குலத்தில் முடித்துவிடுவார்கள், துணி கீழே கனமில்லாமல் சுருண்டுகொள்ளும். அதோடு விடவில்லை. மூலையைத் தொட்டுப் பார்த்தால் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது, என்ன என்று கேட்டதற்கு தைக்காமல் வைத்திருந்த இன்னொரு துண்டில் காட்டினார். காடாத் துணியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு குட்டிப் பை, அதற்குள் காண்டாமிருகம் போட்ட பழைய இருபத்தைந்து காசு ஐந்து. 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போன காசு. எவர்சில்வர் என்பதால் எத்தனை முறை துவைத்தாலும் துரு ஏறாது, தட்டையாக இருப்பதால் மடிப்பில் புடைக்காது. இவ்வளவு காசு எங்கே சேர்த்தீர்கள் என்றால் சிரிக்கிறாரே ஒழிய சொல்லமாட்டேன் என்கிறார்.

வேறு ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம், எங்களுக்கு இது வேண்டும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது கிலோமீட்டருக்கு மேல் மலை இல்லாமல் திறந்து கிடக்கிற வாசலில் நாங்கள் குடியிருக்கிறோம். ஜூன், ஜூலையில் மேற்கே இருந்து மழைக்காற்று, கார்த்திகை பிறந்ததும் கிழக்கே இருந்து விருச்சிகக் காற்று, இது வறண்ட காற்று, புழுதியோடு வரும், பனைமரத்து ஓலை ராத்திரி முழுக்க இரைந்துகொண்டே இருக்கும். கனமில்லாத ஸ்கிரீன் அந்த மாதங்களில் ஜன்னலில் தங்காது, அறைக்கு நடுவே பறந்துகொண்டு மேஜையில் இருக்கிற தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடும். காசு வைத்துத் தைத்த ஸ்கிரீன் கொஞ்சம் உப்பி, ஆடி, திரும்ப இடத்துக்கு வந்துவிடுகிறது.

துணி விஷயத்தில் மட்டும் இவரை முழுக்க நம்பாதீர்கள். சரக்கு கரூரில் இருந்து வருகிறது என்கிறார், இருக்கலாம், பெட்ஷீட்டும் ஸ்கிரீனும் மேஜை விரிப்புமாக வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிற ஊர் அது. ஆனால் அலமாரியில் முக்கால்வாசி பாலியெஸ்டர், அதிலும் பாதி பளபளக்கிற ரகம், வெயில் பட்டால் கல்யாண மண்டப மேடைத் துணி தோற்கும். அவர் முதலில் எடுத்துப் போடுவதும் அதைத்தான். கீழ் அடுக்கில் பருத்தி கலந்த, மினுக்கு இல்லாத, கொஞ்சம் முரட்டு நெசவுத் துணி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள், விலை பெரிதாக வித்தியாசமில்லை. நான் எடுத்தது அதில் மணல் நிறம். எங்கள் சுவர் பிஸ்தா பச்சை, அதற்குப் பூப்போட்டது எதுவும் ஒட்டாது. பெரிய டிசைன் வேண்டும் என்றால் அகலத்துக்கு அகலம் பூ நேர்கோட்டில் வரவேண்டும், அதற்குத் துணி கூடுதலாகச் செலவாகும், பட்ஜெட்டில் செய்கிறவர்கள் பிளெயினோடு நிற்பது புத்திசாலித்தனம்.

சுத்தப் பருத்தி எடுத்தால் இன்னொரு சங்கதி. முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கலாம், எட்டடித் துணியில் அது மூன்று முதல் ஐந்து அங்குலம், ஸ்கிரீன் தரைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றுவிடும். நனைத்துக் காயவைத்துத் தைக்கச் சொல்லணும், கேட்காவிட்டால் இவர் செய்யமாட்டார், சொல்லவும் மாட்டார். இது குறைதான். மேற்கு ஜன்னலுக்கு வெள்ளை லைனிங் போடச் சொன்னது மட்டும் அவராகவே. பங்குனி சித்திரையில் பாலக்காட்டில் நாற்பது டிகிரி சர்வசாதாரணம், சாயங்கால வெயில் நேரே கட்டிலில் விழுகிற அறை என்றால் லைனிங் காசு வீண்போகாது, துணியின் சாயமும் வெளுக்காது. என் அறை ஜன்னல் கிழக்கும் வடக்கும், அதனால் நான் போடவில்லை.

இனி மற்ற குறைகள். தேதி. வெள்ளிக்கிழமை என்றார், வெள்ளிக்கிழமை போனால் ரிங் வரலீங்க, கோயமுத்தூர்ல இருந்து வரோணும் என்றார், அப்புறம் மிஷின்காரர் ஊருக்குப் போய்விட்டார் என்றார், கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை தானாகவே போன் பண்ணினார். முழுப்பணத்தையும் முன்னால் கொடுத்துவிடாதீர்கள், பாதி போதும். மாட்ட வந்த பையன் இன்னொரு கதை. ஜன்னலுக்கு நேர் மேலே இருப்பது கான்கிரீட் லிண்டல், அவன் கொண்டுவந்த சின்ன ட்ரில் அதில் இறங்கவில்லை, உடனே "மரக்கட்டையிலேயே அடிச்சிரட்டுங்களாக்கா" என்று கேட்டான். ஒத்துக்கொண்டிருந்தால் உயரமும் போச்சு, இத்தனை கணக்கும் போச்சு. ஹேமர் ட்ரில் எடுத்து வா என்று திருப்பி அனுப்பினேன், மறுநாள் வந்து ஒழுங்காக அடித்துக் கொடுத்தான். பழைய மண்சுவர் வீடு என்றால் பிளாஸ்டிக் பிளக் பிடிக்காமல் பிராக்கெட் துணிக்கனத்தில் பிடுங்கிக்கொண்டு வரும், நீளமான மரப்பட்டையை முதலில் சுவரில் பதித்து அதில் பிராக்கெட் அடிக்கச் சொல்லுங்கள். மீந்த துணியையும் கேட்டுத்தான் வாங்கணும், கால் மீட்டர்தான் என்றாலும் ஸ்கிரீனை ஒதுக்கிக் கட்டுகிற பட்டை நாலு அதில் வந்தது.

ஸ்கிரீன் மாட்டின அன்று ராத்திரி டியூப் லைட்டைப் போட்டபோது எனக்கே சப்பென்று ஆகிவிட்டது, அது தைத்தவர் தப்பில்லை. வெள்ளை வெளேரென்று 6500 கெல்வின் வெளிச்சத்தில் மணல் நிறம் சாம்பலாகத் தெரியும். பல்பு அட்டைப்பெட்டியில் வார்ம் ஒயிட், 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்கும், அந்த 9 வாட் எல்.இ.டி. இரண்டு வாங்கி, ஒன்று கட்டில் பக்கத்து ஹோல்டரில், ஒன்று பழைய மேஜை விளக்கில் போட்டேன். இருநூறு ரூபாய் சமாச்சாரம், இருநூறு ரூபாயில் இதற்கு இணையாக வேறொன்றும் இல்லை. டியூப் லைட்டைக் கழற்றவேண்டாம், பீரோவில் எதையாவது தேடும்போது அதுதான் உதவும்.

கட்டிலுக்குச் சென்னிமலை பெட்ஷீட், கோ-ஆப்டெக்ஸில் எடுத்தது. தீபாவளி சமயத்தில் முப்பது சதவீதம் தள்ளுபடி இருக்கும், ஓணத்துக்கு இந்தப் பக்கம் கேரளக் கைத்தறிக் கூட்டுறவுக் கடையான ஹான்டெக்ஸில் ரிபேட் கிடைக்கும், அவசரமில்லாதவர்கள் அதுவரை பொறுக்கலாம். நூல் எண்ணிக்கை 800, 1000 என்று ஆன்லைனில் போடுவதைப் பார்த்து மயங்காதீர்கள், பல இழை சேர்த்து முறுக்கின நூலை ஒவ்வொரு இழையாக எண்ணிச் சொல்கிற கணக்கு அது, நல்ல பருத்தியில் 200, 300 இருந்தாலே நம் வெக்கைக்குத் தாராளம். அளவு முக்கியம். ஆறடிக்கு ஆறரையடி கட்டில் என்றால் 108க்கு 108 அங்குல விரிப்பு எடுங்கள், மூன்று பக்கமும் மெத்தைக்கு அடியில் செருக மிச்சம் இருக்கும். 90க்கு 100 எடுத்தால் ஓரம் தூக்கி, மெத்தையின் நீலக் கோடு தெரிந்து, நீங்கள் செய்த மற்றதெல்லாம் வீண். தலகாணி பழசுதான், இலவம் பஞ்சு, வெயிலில் போட்டுத் தட்டி உறை மட்டும் மாற்றினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் போட பவானி ஜமக்காளம் ஒன்று வீட்டில் ஏற்கெனவே இருந்தது, அதன் கோடு கட்டிலுக்கு இணையாக ஓடுகிற மாதிரி விரித்ததும் தனியாகக் கம்பளம் வாங்கும் எண்ணம் போய்விட்டது. பரணில் இருந்த அட்டைப்பெட்டிகளை இன்னும் தொடவில்லை, அதில் பாதி வீட்டுக்காரருடையது, அவரைக் கேட்காமல் அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

போகிறவர்களுக்கு: ஓணம், தீபாவளி, தை மாதக் கல்யாண சீசன் இந்த மூன்றுக்கும் முன்னால் ஒரு மாதம் அந்தப் படியே ஏறாதீர்கள், ஆடியில் போங்கள், கடை காற்றாடும், பேரமும் படியும். அளவை அங்குலத்தில் எழுதிக்கொண்டு போங்கள், ராடு போகப்போகிற உயரத்தையும் சேர்த்து. துணியை வெட்டிவிட்டால் திருப்பி எடுக்கமாட்டார், ஆனால் 200 ரூபாய் வைத்துவிட்டு வந்தால் இரண்டு மூன்று சாம்பிள் துண்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார், பகலில் ஒருமுறை, ராத்திரி விளக்கில் ஒருமுறை சுவரோடு வைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். ஞாயிறு விடுமுறை, மத்தியானம் ஒன்றில் இருந்து மூன்று வரை சாப்பாட்டுக்குப் பூட்டிவிடுவார்.